சோர்ந்தவருக்கு முதலில் அடையும் தண்ணீரும்

அமெரிக்க மதுரை மிஷனின் சபைகள் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டவை. சோர்வு இவற்றுக்குப் புதிதல்ல. ஆனாலும் "விசுவாசம் இருந்தால் மனம் தளராது" என்றே இன்று பல மேடைகளில் கேட்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டபோது கண்டனமும் வரவில்லை, பிரசங்கமும் வரவில்லை. தூங்கி விழித்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டு மறுபடி படுத்தார், மறுபடியும் உணவு. தேவனின் கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் ஜெபமாக ஏற்றதில்தான் எனக்கு இந்த விசுவாசத்தின் ஆறுதல் தெரிகிறது: அழுகையை அடக்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை.

இந்த விசுவாசம் வலியை மறக்கடிக்கும் போதை என்பார்கள். கெத்செமனேயில் இயேசுவே தம் துக்கத்தைச் சீடர்களிடம் மறைக்காமல் சொல்லி, கூட விழித்திருக்கக் கேட்டார். மறக்கடிக்கும் மதம் அந்தக் காட்சியைக் காத்துவைத்திருக்காது. ஆனால் "மாத்திரை வேண்டாம், ஜெபம் போதும்" என்று சொல்லும்போது அந்தக் குற்றச்சாட்டு நியாயமாகிவிடுகிறது. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியே பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. சபையிலும் சோர்வுக்கு இடம் வேண்டும். சாட்சி சொல்ல, ஜெபம் கேட்கப்பட்டவர்களையே சபைகள் பெரும்பாலும் அழைக்கின்றன. இன்னும் பதில் கிடைக்காதவரையும் ஒரு ஞாயிறு பேசவிடட்டும்.