தறிக்குழியை மூடினா துரோகமா?

போன வாரம் பெரியப்பா பையன் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழுப்பேறின ஒரு துண்டு பட்டுத்துணி. கூடவே "இது எந்த ஊர்ல நெஞ்சது? சொல்லுடா பாக்கலாம்"ன்னு கேள்வி வேற. அவன் இருக்கறது அமெரிக்காவுல, யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டி. நானும் சீனா, ஜப்பான், இத்தாலின்னு சுத்தி வந்தேன். எல்லாம் தப்பு. இலை பறிச்சு, புழு வளர்த்து, நூல் இழுத்து, நெஞ்சு முடிச்சது எல்லாமே அவன் இருக்கற யூட்டாவுலதானாம். வளர்த்தவங்க மார்மன்கள்.

பாலைவனம், உப்பு ஏரி, மார்மன், பட்டுப்புழு... எனக்கு எதுவும் ஒட்டலை. ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க ஞாபகத்துக்கு வந்தது எங்க வீட்டுப் பிரச்சினைதான். அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன்.

தை மாசம் என் தம்பி அவனோட தறியைப் பிரிச்சிட்டான். குழியை மண் போட்டு மூடி, மேல சிமெண்ட் பூசி, அந்த இடத்துல கட்டில் போட்டாச்சு. இப்ப அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு பஸ்ல போறான். முதலாளிகிட்ட வாங்கியிருந்த முன்பணத்தை அடைக்க அவன் பொண்டாட்டி நகை பேங்குக்குப் போச்சு. அன்னையிலேருந்து நாயனா (எங்க வீட்ல தெலுங்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவன்கிட்ட பேசறதில்லை. செவிலிமேட்டுல தெரிஞ்சவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போனா, ஒரு பெரியவர் அத்தனை பேர் முன்னாடி "குலத்தொழிலை விட்டது துரோகம்"னுட்டார். தம்பி சாப்பிடாமலே எழுந்து வந்துட்டான்.

நம்ம பதிவர்களும் லேசுப்பட்டவங்க இல்லை. வருஷத்துக்கு நாலு பேர் "அழிந்துவரும் கைத்தறி"ன்னு பதிவு போடறோம், பின்னூட்டத்துல நாப்பது பேர் கண்ணீர் விடறாங்க. நானும் விட்டிருக்கேன், மறுக்கலை :-)

சரி, மார்மன்களுக்கு வருவோம்.

1830-ல் நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச சபை. போன ஊரெல்லாம் சண்டை, துரத்தல். 1844-ல் இல்லினாய்ஸ் மாநிலத்துச் சிறையில ஒரு கும்பல் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்னது. 1846-ல் மிச்சப் பேர் பிரிகாம் யங் தலைமையில மூட்டை கட்டி மேற்கே நடந்தாங்க. 1847 ஜூலை 24-ல் அவர் உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். (அங்க ஏற்கெனவே யூட், ஷோஷோனி பழங்குடி மக்கள் இருந்தாங்க. பல தாரக் கல்யாணம் வேற உண்டு, 1890-ல்தான் சபை அதைக் கைவிடறதா அறிவிச்சது. பாராட்டுப் பதிவுன்னு நினைச்சுடாதீங்க.)

எனக்குச் சுவாரசியமா இருந்தது யார் நடந்தாங்கங்கறதுதான். 1837-ல் இங்கிலாந்துக்கு முதல்ல போன அவங்க பிரசங்கிகள் இறங்கி வேலை செஞ்ச ஊர் ப்ரெஸ்டன். லங்காஷயர் பருத்தி மில் ஊர். ஆமாம், நம்ம நெசவாளிங்க வயித்துல அடிச்ச அதே லங்காஷயர். அந்த மில்லுல உழைச்சவங்களும் பசியிலதான் கிடந்திருக்காங்க. 1840-லேருந்து லிவர்பூல்ல கப்பல் ஏற ஆரம்பிச்சாங்க. காசில்லாதவங்களுக்குக் கடன் கொடுக்க 1849-ல் ஒரு நிதி வெச்சாங்க. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் அந்த உதவியில வந்திருக்காங்க. 1856-லேருந்து மாட்டுவண்டிக்கும் வழியில்லாதவங்க கைவண்டியை இழுத்துக்கிட்டே ஆயிரம் மைலுக்கு மேல நடந்தாங்க. அந்த வருஷம் கடைசியா கிளம்பின ரெண்டு கூட்டம் பனியில மாட்டி, இருநூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க.

இப்படி வந்து சேர்ந்தவன் அங்கேயும் நூல் முறுக்கிக்கிட்டா இருந்தான்? பெரும்பாலும் வாய்க்கால் வெட்டினான், கோதுமை போட்டான். மில்லை விட்டதுக்காக யாரும் அவனை சபையை விட்டுத் தள்ளி வைக்கலை. கடன் நிதியில நிறைய பேர் திருப்பிக் கட்டவே இல்லை. 1880-ல், சபைக்கு அம்பதாவது வருஷம்னு, முடியாதவங்க கடன்ல பாதியைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. (முன்பணம் கொடுக்கற நம்மூர் முதலாளிங்க காதுல யாராச்சும் இதைப் போடுங்களேன்.)

அந்தச் சபை கட்டாயமா நடத்தப் பார்த்த தொழில் ஒண்ணு உண்டு. அதுதான் பட்டு. வெளியூர் சரக்கை நம்பக் கூடாது, எல்லாம் நாமே செய்யணும்ங்கறது பிரிகாம் யங்கோட பிடிவாதம். முசுக்கொட்டை வரவழைச்சு நட்டார், புழு வளர்க்கக் கட்டடம் கட்டினார். 1870-களில் இதுக்குன்னே ஒரு சங்கம் வெச்சு, அவர் மனைவிகள்ல ஒருத்தரான ஜினா யங்கைத் தலைவியாக்கினாங்க. அந்தம்மாவுக்குப் புழுன்னாலே குமட்டல், கனவுல எல்லாம் புழு வருமாம். இருந்தும் கடமைன்னு ஊர் ஊராப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. வீட்டுல ஒரு அறையையே புழுவுக்குக் கொடுத்துட்டு, நாளெல்லாம் இலை போட்டுக்கிட்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர். 1900-ல், பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடின சூசன் பி. அந்தோணிக்கு எண்பதாவது பிறந்தநாள் பரிசா யூட்டா பெண்கள் அனுப்பினது அவங்களே உருவாக்கின கருப்புப் பட்டு.

பக்தி இருந்தது, ஆள் இருந்தாங்க, தலைவர் வாக்கு இருந்தது. அப்புறம் ஏன் நிக்கலை? காசு வரலை, அவ்வளவுதான். 1896-ல் மாநில அரசு கூட்டுக்குப் பவுண்டுக்கு இவ்வளவுன்னு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பிச்சதும் கொஞ்சம் மூச்சு வந்தது. 1905-ல் அதை நிறுத்தினாங்க, தொழிலும் படுத்துடுச்சு. சபை படுக்கலை. இன்னிக்கும் உலகம் பூரா இருக்கு.

காஞ்சிபுரத்துல யாரும் இலையிலேருந்து ஆரம்பிக்கலை. பட்டுநூல் கர்நாடகாவுலேருந்து, ஜரிகை சூரத்துலேருந்து. நம்ம கையில இருந்தது கோர்வை. உடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு பக்கக் கரைக்கும் ரெண்டு நாடா, கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள். அந்த இன்னொரு ஆள் எட்டு வயசுல நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து உக்காந்தா முதுகு பிடிச்சுக்கும். அந்த ஆளுக்குன்னு தனிக் கூலி எந்தக் காலத்துலயும் கிடையாது. வீட்டுப் பிள்ளை, வீட்டுப் பொம்பளைன்னு கணக்குல வராமலே போச்சு. அது வந்திருந்தா தம்பி தறி இன்னிக்கு நின்னிருக்கும்னு நான் நினைக்கிறேன். புடவை விலை ஏறினப்பல்லாம் கூலியும் கூடவே ஏறிடலைங்கறதை எந்தத் தறி வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. அந்தப் பெரியவர் "துரோகம்"ங்கற வார்த்தையைக் கூலி குறைக்கறவங்ககிட்ட சொல்லிப் பார்த்திருக்கலாம்.

"ஆனா நாம புலம்பெயர்ந்து வந்தவங்க, தொழில்தான் நம்மை ஒண்ணாக் கட்டி வெச்சது"ன்னு நாயனா சொல்வார். இதுக்கு என்கிட்ட ஒரு கல்வெட்டே இருக்கு. மத்தியப் பிரதேசத்துல மந்தசோர்னு ஒரு ஊர், அந்தக் காலத்துல தசபுரம். குஜராத் பக்கம் லாட தேசத்துலேருந்து ஒரு பட்டு நெசவாளர் கூட்டம் அங்க குடிபோயிருக்கு. கி.பி. 437 வாக்கில சேர்ந்து ஒரு சூரியன் கோயில் கட்டி, 473-ல் பழுதும் பார்த்திருக்காங்க. மதுரை சௌராஷ்டிரர்கள் தங்கள் வரலாற்றுக்கு எடுத்துக் காட்டறது இதைத்தான். அந்தக் கல்வெட்டு என்ன சொல்லுது தெரியுமா? குடிவந்தவங்கள்ல சிலர் வில்வித்தை கத்துக்கிட்டாங்க, சிலர் கதை சொல்ல, சிலர் ஜோசியம்னு போனாங்க, சிலர் நெசவுலயே இருந்தாங்க. இவ்வளவையும் பெருமையாத்தான் பொறிச்சு வெச்சிருக்காங்க. கோயிலை எல்லாரும் சேர்ந்துதான் கட்டினாங்க.

ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜோசியம் பார்க்கப் போனவன் துரோகி இல்லைன்னா, கார் கம்பெனிக்குப் போற என் தம்பி எப்படி துரோகி?

இதையெல்லாம் நாயனாகிட்ட சொன்னேன். கல்வெட்டுக்கு "உம்"னார். மார்மனுக்கு அதுவும் இல்லை. அந்தம்மாவுக்குப் புழு கனவுல வரும்னப்ப மட்டும் சிரிச்சார். தம்பி பேரை எடுத்ததும் எழுந்து போயிட்டார்.

ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தம்பி வர்ற நேரம், திண்ணையில உக்காந்து என் போன்ல அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்துக்கிட்டிருந்தார். அவன் செருப்பைக் கழட்டும்போது, என்னைப் பார்த்து, ஆனா அவனுக்குக் கேக்கற மாதிரி, "ஓரம் எப்படி முடிச்சிருக்காங்கன்னு தெரியலை. கிட்டத்துல எடுத்து அனுப்பச் சொல்லுடா"ன்னார். தம்பி நின்னு போனை எட்டிப் பார்த்தான்.

சொல்லியிருக்கேன். அங்க இப்ப பகல், அவன் ஆபீஸ்ல இருப்பான்.