செல்லாத காசுக்குத்தான் மவுசு!

பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து ஓர் ஓட்டைக் காலணா விழுகிறது. வீட்டில் பாதிப் பேர் “செல்லாக் காசு” என்று தூக்கிப் போடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இதுக்கு ஏன் நடுவுல ஓட்டை?” என்று கேட்பார். காசு சேர்க்கும் பைத்தியம் அந்த நிமிடத்தில் பிடித்துவிடுகிறது. (பதில்: இரண்டாம் உலகப்போர் நேரத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-ல் வந்த காசு அது!)

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரத்து சூதாட்ட விடுதிகளில், பணத்தைக் கட்டினால் வண்ண வண்ண வில்லைகள் தருவார்கள். அதை வைத்துத்தான் ஆட்டம். ஆடி முடித்துக் கிளம்பும்போது சிலர் ஒரு வில்லையை மட்டும் ஞாபகத்துக்குப் பையில் போட்டுக்கொள்வார்கள். 1955-ல் திறந்த ‘டூன்ஸ்’ விடுதியை 1993-ல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கட்டடமே இல்லை, அதன் வில்லைகள் சேகரிப்பவர்களின் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. இப்படிப்பட்ட வில்லைகளைச் சேர்ப்பவர்களுக்காக 1988-லேயே அங்கே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

நம் ஊரில் சூதாட்ட விடுதியும் இல்லை, வில்லையும் இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம் இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. குண்டூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று அங்குள்ள ஊராட்சிகளுக்குப் பெயரே ‘நாடு’தான். வல்வில் ஓரி ஆண்ட இந்த மலையின் பெயர், சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சேரர் காசு ஒன்றிலும் இருக்கிறது. தமிழ் பிராமி எழுத்தில் ‘கொல்லிப்புறை’ என்று பொறித்த காசு அது. கொல்லியோடு தொடர்புடைய பொறையன், அதாவது சேர அரசன், என்று ஆய்வாளர்கள் விளக்கம் தருகிறார்கள்.

இந்த வகைக் காசுகளை அடையாளம் கண்டு எழுதியவர்களில் முக்கியமானவர், ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. பகலில் பத்திரிகை வேலை. ஓய்வில் கையில் பூதக்கண்ணாடி. சங்க கால மன்னர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டிருப்பார்களா என்று அறிஞர்களே சந்தேகப்பட்ட காலம் உண்டு. 1980-களின் நடுவில், ஒரு பக்கம் குதிரையும் மறுபக்கம் மீன் சின்னமும் கொண்ட சிறிய சதுரச் செப்புக் காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயரை அவர் படித்துக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது. சங்க காலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1997-ல் வெளிவந்தது.

கரூர் அமராவதி ஆற்று மணலை அரிப்பவர்களுக்கு இத்தகைய காசுகள் கிடைத்ததுண்டு. பார்ப்பதற்குப் பாசி பிடித்த செம்புத் துண்டு. எடைக்குப் போட்டு உருக்கியிருந்தால் என்ன விலை கிடைத்திருக்கும்? டீச் செலவுக்குக்கூடத் தேறாது. ஓர் அரசனின் பெயர் மட்டும் நிரந்தரமாக அழிந்திருக்கும். யாரோ ஒருவர் ‘இதுல என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்டதால் அது தப்பியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் கிளம்பியிருக்கிறாரா? அவருக்குச் சில விஷயங்கள்:

புளி வேண்டாம்: பித்தளைச் சொம்பு போலப் புளி போட்டு விளக்கினால் காசு பளபளக்கும், கூடவே தேய்ந்த எழுத்தும் போய்விடும். அழுக்கோடு இருக்கும் காசுக்குத்தான் மதிப்பு.

மண்ணில் கிடைத்தால் சொல்லிவிடுங்கள்: 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரிந்தால்தான் அந்தக் காசின் காலமும் சரியாகப் புரியும்.

போனில் வரும் ஆசைக்கு மயங்காதீர்கள்: ‘பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சம் ரூபாய்’ என்று சொல்லி, முதலில் கமிஷன் கட்டச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே இப்படி மோசடி நடப்பதாக 2021-ல் அந்த வங்கியே எச்சரித்தது. அது பழைய காசை வாங்குவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு காசோடும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். யார் கொடுத்தது, எந்த ஊர், எப்போது, அவர் அதை ஏன் வைத்திருந்தார் என்று நாலு வரி எழுதினால் போதும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். காசை எப்போது வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். அந்த நாலு வரியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.