600 ரூபாயும் 30,000 ரூபாயும்: ஒரே அரசு, ரெண்டு தராசு

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2025-26 பட்ஜெட்டை வாசித்தார். அன்றிலிருந்து டிவி விவாதம் முழுக்க ஒரே விஷயம்தான்: அட்டையில் 'ரூ' போட்டது சரியா, தப்பா? 'ரூ' தமிழ் எழுத்து, போட்டால் என்ன குடி முழுகிவிடும்? அதை விடுங்கள். நாம் அந்த 'ரூ'வுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைப் பார்ப்போம். வேலை கேட்டு நிற்கிற பிள்ளைகளின் விஷயத்தில் அந்த எண் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் 600.

பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருக்கும் இளைஞருக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாத உதவித்தொகை 600 ரூபாய். பிளஸ் டூ முடித்தவருக்கு 400. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300. தேறாதவருக்கு 200. பூஜ்யம் ஏதும் விட்டுப்போகவில்லை, சரியாகத்தான் படிக்கிறீர்கள். நாளைக்கு 20 ரூபாய். இரண்டு டீ.

அதுவும் சும்மா கிடைக்குமா? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். பதிவைத் தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று வருடம் வரும். அப்புறம் நின்றுவிடும்.

அந்த 72,000-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மாதம் 6,000. நாளைக்கு 200. ஒரு வீட்டில் அப்பா சித்தாள் வேலைக்குப் போய் மாசம் இருபது நாள் ஐந்நூறு ரூபாய் கூலி வாங்கினாலே 10,000 ஆகிவிடும். வரம்பு தாண்டிவிட்டது, பையனுக்கு உதவித்தொகை கிடையாது. அப்படியானால் யாருக்குத்தான் கிடைக்கும்? வீட்டில் ஒருத்தரும் வேலைக்குப் போகாத குடும்பத்துக்கு. இல்லையென்றால், வருமானத்தை மறைத்து எழுதத் தெரிந்த குடும்பத்துக்கு. "விண்ணப்பிப்பவர்கள் குறைவுதான்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். வாசலை இவ்வளவு குறுக்கிவிட்டு, கூட்டம் வரவில்லை என்று சொல்வது என்ன கணக்கு?

இதே அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்திருக்கும் வருமான வரம்பு எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அது நியாயமான வரம்பு. அதை நாம் ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். அந்தத் திட்டத்துக்கு இந்த பட்ஜெட்டில் 13,807 கோடி ஒதுக்கியதையும் வரவேற்கிறோம். ஆனால் யோசியுங்கள். ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு. அம்மாவின் பெயரில் விண்ணப்பம் போனால் அந்த வீடு ஏழை வீடு. அதே வீட்டு மகன் விண்ணப்பம் போட்டால் வசதியான வீடு!

இன்னொன்றும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. பையன் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. நல்ல திட்டங்கள். எத்தனையோ வீட்டில் படிப்பு நிற்காமல் போவதற்கு அந்த ஆயிரம் உதவுகிறது. டிகிரி வாங்கிய மறுமாதம் அது நின்றுவிடும், அதுவும் சரிதான். அப்புறம்? அடுத்த ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை. ஐந்து வருடம் கழித்து, நிபந்தனை எல்லாம் பொருந்தினால், 600. படிக்கும் பிள்ளைக்கு ஆயிரம், படித்து முடித்துத் தெருவில் நிற்கும் பிள்ளைக்கு அறுநூறு. இந்தக் கணக்கை எழுதியவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய்க் கேட்கலாம்.

(அட்மின் குறிப்பு: இதை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான். வருமானச் சான்றுக்குக் கையெழுத்து வாங்க மூன்று முறை அலைந்ததில் பஸ் செலவும் போன கூலியும் சேர்த்து ஆயிரத்து இருநூறு. இரண்டு மாச உதவித்தொகை, வாங்கும் முன்பே காலி. கடைசியில் அப்பாவின் கூலியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.)

இப்போது 30,000-க்கு வருவோம்.

2024-25 பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே அமைக்கும் 'உலகளாவிய திறன் மையங்கள்' இருக்கின்றன அல்லவா, அவற்றில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் உள்ள வேலைகளை உருவாக்கினால், அந்தச் சம்பளத்தில் முதல் வருடம் 30 சதவீதம், இரண்டாம் வருடம் 20 சதவீதம், மூன்றாம் வருடம் 10 சதவீதம் அரசு மானியமாகத் தரும். வேலைக்குச் சேர்கிறவருக்குத் தருவதில்லை. நிறுவனத்துக்குத் தருகிறது.

லட்ச ரூபாய் சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் வருடம் மாதம் 30,000. மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 7,20,000 ரூபாய். நம் பட்டதாரிக்கு மூன்று வருடத்துக்கு 21,600 ரூபாய். உதவித்தொகைக்கு வைத்திருக்கிற குடும்ப வருமான வரம்பைப் போல் சரியாகப் பத்து மடங்கு, ஒரே ஒரு வேலைக்காக, உலகம் முழுக்க லாபம் சம்பாதிக்கிற ஒரு கம்பெனிக்கு!

"முதலீடு வர வேண்டாமா? பெங்களூரு, ஹைதராபாத் போய்விடுவார்களே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதலீடு வேண்டாம் என்று நாம் எங்கும் சொல்லவில்லை. இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. நாட்டில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். இதெல்லாம் சம்பள மானியம் கொடுத்து வந்ததா? பள்ளி, சத்துணவு, பஸ், கரன்ட், ஆஸ்பத்திரி என்று மூன்று தலைமுறை போட்ட முதலுக்கு வந்த விளைச்சல் அது. லட்ச ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் இங்கே வருவது இங்கே படித்த பிள்ளைகள் இருப்பதால். அந்தப் பிள்ளையை உருவாக்கக் காசு போட்டதும் நாம், அவனை வேலைக்கு எடுப்பதற்கும் காசு கொடுப்பது நாமா?

மானியம் தருவதாகவே இருக்கட்டும். 20,000 சம்பளத்தில் நிரந்தர வேலை கொடுக்கிற திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, சிவகாசி அச்சகத்துக்கு, கோயம்புத்தூர் பம்ப்செட் பட்டறைக்கு ஏன் இந்தச் சம்பள மானியம் இல்லை? இதற்குப் பதில் பட்ஜெட் உரையில் தேடினோம். இல்லை.

அரசு வேலைக்கு வருவோம். 2025-26-ல் 40,000 காலியிடங்கள் நிரப்பப்படும் என்றது பட்ஜெட். நான்கு வருடத்தில் 78,882 பேருக்கு வேலை கொடுத்ததாகவும் அரசே சொல்கிறது. சரி, இரண்டையும் கூட்டுங்கள்: 1,18,882. 2021 தேர்தல் அறிக்கையில் நிரப்புவோம் என்று சொன்ன காலியிடம் எவ்வளவு? மூன்றரை லட்சம். இந்த 40,000-மும் முழுசாக நிரம்பினால்கூட மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். இடையில் ஓய்வு பெற்றுப் போனவர்களின் நாற்காலிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நாற்காலி காலியாக இருப்பதால் வேலை நடக்காமலா இருக்கிறது? நடக்கிறது. தொகுப்பூதியத்தில், அவுட்சோர்சிங்கில் நடக்கிறது. பகுதிநேர ஆசிரியர்களைப் பாருங்கள். 2012-ல் 16,549 பேரை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்பயிற்சி, கணினி சொல்லிக்கொடுக்க. அது அதிமுக ஆட்சி செய்த பாவம், மறக்கவில்லை. ஆனால் பணிநிரந்தரம் செய்வோம் என்று வாக்குக் கொடுத்தது யார்? 2025-ல் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. அப்போது அவர்கள் சம்பளம் 12,500. மே மாசம் அதுவும் இல்லாமல் இருந்தது. மே மாசம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாதா?

செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 500 கோடி, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி, அதற்கு முதல்கட்டமாக 2,000 கோடி, புதிதாகப் பத்து அரசு ஐடிஐ. இவற்றில் நமக்குச் சண்டை இல்லை. ஐடிஐ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடியில் நவீனப்படுத்தினார்கள், ரோபோ எல்லாம் வந்துவிட்டது. அங்கே படித்து வெளியே வரும் பையன் ஒரகடத்தில் ட்ரெய்னியாகச் சேர்கிறான். ஒரு வருடம் கழித்து வேறு கம்பெனியில் ட்ரெய்னி. பிறகு காண்ட்ராக்டரிடம். அவன் பழகிய மெஷின் மாறிக்கொண்டே இருக்கிறது, ஐடி கார்டில் கம்பெனி பெயர் மட்டும் வருவதில்லை. திறன் பயிற்சிக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்குகிற பட்ஜெட், பயிற்சி முடித்தவனை நிரந்தரமாக்கு என்று மானியம் வாங்கும் நிறுவனத்திடம் ஒரு வரி நிபந்தனை போடக் கூடாதா?

நிபந்தனை போட அரசுக்குத் தயக்கம் ஏன் என்று நமக்குத் தெரியும். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியபோதே தெரிந்துவிட்டது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்து, தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று, பத்தே நாளில், மே தினத்தன்று முதல்வர் வாபஸ் அறிவித்தார். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்யக்கூட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பேசாமல் இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

இப்போது வழக்கமான கேள்வி இன்பாக்ஸில் வரும்: "தோழர், கூட்டணியில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? இது பிஜேபிக்குத்தானே உதவும்?"

பிஜேபிக்கு இதில் பேச ஒரு துளி யோக்கியதை இல்லை. பள்ளிக் கல்விக்குத் தர வேண்டிய 2,152 கோடியை, புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காகப் பிடித்து வைத்தது யார்? நூறு நாள் வேலை செய்த பாட்டிக்கு 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் கூலி வரவில்லை. அப்போது நாளைக்கு 319 ரூபாய், அதையும் நாலு மாசமாகத் தராமல் வைத்திருந்தது டெல்லி. அந்தக் கூட்டம் இங்கே வந்து வேலைவாய்ப்பு பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் டெல்லி தராத பணத்துக்கும் 72,000 ரூபாய் வருமான வரம்புக்கும் என்ன சம்பந்தம்? அந்த வரம்பை மாற்ற அமித் ஷாவிடம் அனுமதி வாங்க வேண்டுமா? ஓர் அரசாணை போதும். 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி என்பது நமக்கும் தெரியும். அந்தப் பற்றாக்குறை பன்னாட்டு நிறுவனத்தின் சம்பள மானியத்துக்குத் தடையாக வரவில்லை, பட்டதாரியின் 600 ரூபாய்க்கு மட்டும் தடையாக வருகிறது என்பதுதான் நம் பிரச்சினை.

கூட்டணி வைத்தது வகுப்புவாதத்தைத் தோற்கடிக்க. வாயைப் பூட்டி சாவியை ஒப்படைக்க அல்ல.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். தொழிலாளர் நலத் துறையும் திறன் மேம்பாடும் வரும்போது நம் உறுப்பினர்கள் இதைத்தான் எழுப்ப வேண்டும்: உதவித்தொகையின் வருமான வரம்பை மகளிர் உரிமைத் தொகை போல இரண்டரை லட்சமாக்கு. ஐந்து வருடக் காத்திருப்பை ஒரு வருடமாகக் குறை. 600-ஐ, குறைந்தபட்சம், மாணவருக்குத் தரும் ஆயிரத்துக்கு மேலாவது கொண்டு வா. துறைவாரியாக எத்தனை பணியிடம் காலி என்று வெள்ளையாக எழுதி அவையில் வை. அரசு மானியம் வாங்கும் எந்த நிறுவனத்திலும் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் காண்ட்ராக்ட் என்பதை வெளியிடு.

தோழர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். லைக் வேண்டாம். நீங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எந்த வருடம் பதிவு செய்தீர்கள், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா, என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பெயர், பதிவு எண் போட வேண்டாம், வருடமும் மாவட்டமும் காரணமும் போதும். வீட்டில் தம்பி, தங்கச்சி யாராவது இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அத்தனையையும் தொகுத்து, விவாத நாளுக்கு முன்பு நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுக்கப் போகிறோம்.

#அறுநூறுக்கு_என்ன_வாங்குவது
#காலியிடக்_கணக்கைக்_காட்டு