சுவரில் மாட்டவா இசைத்தட்டு?



நாகூர் ஹனீபாவின் பழைய இசைத்தட்டு ஒன்றுக்காக பண்டாரவளை, பதுளை, கொழும்பு என்று மூன்று வருடமாக அலைந்தேன். கடைசியில் ஒரு கடையில் கிடைத்தது. சொன்ன விலை என் அரை மாதச் சம்பளம். போட்டுக் காட்டச் சொன்னேன். "மெஷின் இல்ல சேர், சுவர்ல மாட்டினா வடிவா இருக்கும்" என்றார்!

அவரை மட்டும் ஏசி என்ன பயன்? போத்தல், பழைய இரும்பு எடுக்க வந்தவரிடம் நிறுத்துக் கொடுத்தது நாம்தானே?

சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் சிங்களத்தில், பௌத்த பக்திப் பாடல்கள்கூடப் பாடி இந்த நாட்டின் குரலானார். "முஸ்லிம்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்பவனுக்கு அந்தத் தட்டே பதில். பதிலை விற்றுவிட்டு முகநூலில் வரலாறு பேசுகிறோம்.

"பாட்டு ஹராம்" என்று கமெண்ட் போட வருகிறவர்களே, நீங்கள் கேட்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம்.

78 வேகத் தட்டு அரக்கில் செய்தது, விழுந்தால் நொறுங்கும். படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். விற்பதென்றாலும் அதற்கு முன் ஒருநாள் இரவல் தாருங்கள். பதிவு செய்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். ஹல்துமுல்லைப் பிள்ளைகள் கேட்கட்டும்.