செல்போனில் வரப்பு தெரியுமா?

வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் வரப்புத் தகராறு வந்தால், முன்பெல்லாம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து புலப்பட நகல் வாங்க வேண்டும். இன்று பங்காளிகள் இருவரும் ஆளுக்கொரு செல்போனை நீட்டுகிறார்கள். "பாருண்ணே, வேப்பமரம் வரைக்கும் என் இடம்" என்கிறார் தம்பி. அண்ணன் போனிலோ அதே மரம் அவர் பக்கம் நிற்கிறது!

யார் போன் சரி? இரண்டுமே சரியாக இல்லாமல் போகலாம்.

திறந்த வெளியிலேயே சாதாரண செல்போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். ஊருக்கு வழி கேட்க அது போதும். வரப்புக்குப் போதுமா? 50 மீட்டர் நீள வரப்பு 5 மீட்டர் தள்ளிப் போனால் 250 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர். அதாவது 6 சென்டுக்கு மேல்! ஒரு வீட்டுமனையே போய்விடும்.

சரி, அரசாங்கத்தின் இ-சேவை இணையதளத்தில் புலப்படம் கிடைக்கிறதே? கிடைக்கிறது. சர்வே எண்ணைக் கொடுத்தால் வீட்டிலிருந்தே எடுக்கலாம். இது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அது புதிதாக அளந்த படம் அல்ல. பழைய காகிதப் புலப்படத்தில் எழுதியிருந்த நீளங்களைத்தான் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அன்று தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறும் கூடவே வந்திருக்கும், அழகான கோடாக!

இன்னொன்று, பழைய புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு இத்தனை மீட்டர், அவ்வளவுதான். அந்தக் கல்லை டிராக்டர் பெயர்த்துவிட்டால் எங்கிருந்து அளப்பது?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022-ல் தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. நல்லது. சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் டிஜிபிஎஸ் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கருவி வயலுக்கு வர வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்களையும் வைத்துக்கொண்டு அளந்து, காணாமல் போன கற்களை நட வேண்டும். அதுவரை பழைய புலப்படப் புத்தகங்களைக் குப்பையாக நினைக்கக் கூடாது. கணினியில் ஏறியது சரியா என்று பார்க்க அவைதான் சாட்சி.

எனவே அண்ணனும் தம்பியும் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முதலில் சர்வே கல்லைத் தேடட்டும். இல்லையென்றால் சர்வேயருக்கு மனு போடட்டும். கோர்ட்டுக்குச் செலவழிப்பதைவிட அது மலிவு!