ஆரானில் நின்றுவிட்ட பிரயாணம்



டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஆலயம் நிரம்பி வழிந்தது. முற்றத்துப் பந்தலிலும் இடமின்றி, வாலிபர்கள் மதிலோரமாக நின்றபடியே பங்கெடுத்தார்கள். ஆராதனை முடிந்ததும், வாக்குத்தத்த அட்டைகள் வைக்கப்பட்டிருந்த தட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒரு சகோதரி தாம் எடுத்த அட்டையை வாசித்து, முகம் வாடி, அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்கள். அவர்களைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. நாம் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் அட்டையை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தத் தட்டில் அநேகர் தேடுகிற வசனம் ஒன்று உண்டு. எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம். நாட்காட்டிகளிலும், திருமண அழைப்பிதழ்களிலும், ஆட்டோக்களின் முதுகிலும் அதைக் காண்கிறோம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்பதை அட்டை சொல்வதில்லை. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அனனியா என்னும் தீர்க்கதரிசி தேவாலயத்தில் எழுந்து நின்று, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவிக்கிறான். ஜனங்கள் கேட்க விரும்பியதும் அதுவே. எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. ஆகையால் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்திற்காகவே ஜெபியுங்கள் என்றும் சொல்கிறது.

முப்பது வயதில் அக்கடிதம் வாசிக்கக் கேட்டவன், நூறு வயது இருந்தாலன்றி, திரும்பிப் போகும் நாளைக் கண்டிருக்க முடியாது. அவனுக்கும் அது நம்பிக்கையின் கடிதம்தான். இந்த வருஷத்திற்குள் கடன் தீரும், வீசா வரும், வரன் அமையும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நான் அனனியா. அவன் கெட்ட மனிதன் என்று நான் நினைக்கவில்லை. ஜனங்களை மகிழ்விக்க வேண்டுமென்ற ஆசை மிகுந்தவன், அவ்வளவுதான். போதகர்களுக்கு அந்த ஆசை ஒரு கண்ணி. ஜனவரி மாதத்தில் அது இன்னும் இறுகும்.

முதலாம் ஞாயிறு நாம் நடத்தும் உடன்படிக்கை ஆராதனைக்கு நள்ளிரவுக் கூட்டத்தில் பாதி வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜான் வெஸ்லி 1755இல் இலண்டனில் தொடங்கிய வழக்கம் அது. பின்னர் புத்தாண்டோடு சேர்ந்துகொண்டது. கர்த்தர் நமக்கு என்ன தருவார் என்று நள்ளிரவில் கேட்கிறோம். நாம் அவருக்கு என்ன தருவோம் என்று அந்த ஞாயிறு நம்மிடம் கேட்கப்படுகிறது. இரண்டாவது கேள்விக்கு அட்டை கிடையாது.

இப்பொழுது பிரயாணத்தைக் குறித்து.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆலய வாசலில் எருசலேம் பயணத் துண்டுப்பிரசுரங்கள் விநியோகிக்கப்படுகின்றன. பத்து நாள், மூன்று நாடுகள், யோர்தானில் முழுக்கு, கலிலேயாக் கடலில் படகு. நம் மாநில அரசின் உதவித்தொகையும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு பயண முகவர் என்னைத் தேடி வந்தார். சபையிலிருந்து இருபது பேரைச் சேர்த்துக்கொடுத்தால் போதகருக்குக் கட்டணமில்லை என்றார். உங்களிடம் மறைப்பானேன், ஒரு வாரம் முழுவதும் என் மனதுக்குள் யார் யார் பணம் கட்டக்கூடியவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிரசங்க மேடையிலிருந்து உங்கள் முகங்களைப் பார்க்கும்போதும் எண்ணினேன். இருபது வரும்முன் வெட்கம் வந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எருசலேமுக்குப் போவது தவறு என்று நான் சொல்லவில்லை. சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து ஆரோகண சங்கீதங்களும் அந்த மலையேறிப் போன யாத்திரிகரோடு சேர்ந்தவை. நம் சபைத் தாயார் ஒருவர் கெத்செமனேயின் ஒலிவ மரங்களைத் தொட்டுவிட்டு வந்து என்னிடம் பேசியபோது, அவர்களுடைய மகிழ்ச்சி மெய்யானது என்று கண்டேன். ஆனால் சங்கிலியை அடகு வைத்துப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று. அந்த மூன்று வருஷமும் மருமகளோடு பேச்சில்லை. கடன் வாங்கிப் போகும் புனிதப் பயணத்தை நான் ஆசீர்வதிக்கமாட்டேன். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வருத்தப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து என்னோடு பேசலாம்.

நம் மண்ணிலேயே ஒரு புதிய எருசலேம் இருக்கிறதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடியில், கடலை நோக்கிப் போகும் இராஜ வீதியில், 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தின் பெயர் அதுவே. அதைக் கட்டிய சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. டேனிய அரசன் அனுப்பிய ஊழியரே ஆனாலும், அங்கிருந்த டேனிய அதிகாரிகள் அவரை விரும்பவில்லை. அவர் பள்ளிச் சிறுவரோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஓர் ஏழை விதவைக்காக நியாயம் கேட்கப்போய், கவர்னரின் கோபத்துக்கு ஆளாகி, நான்கு மாதம் கோட்டையில் சிறையிருந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சாகி முடிந்தது. 1719இல் மரித்து அந்த ஆலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார், முப்பத்தாறு வயதுதான். நாம் கையில் பிடித்திருக்கும் தமிழ் வேதாகமம் அந்த மணலில் தொடங்கியது. பேருந்துக் கட்டணமும் இரண்டு வேளைச் சாப்பாடும் போதும். அடகு வைக்க வேண்டியதில்லை.

பிரயாணம் செய்ய இயலாதவர்களும் இதை வாசிக்கிறீர்கள் என்று அறிவேன். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து காயப்பட்டபின், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையைவிட்டு வெளியே போகவில்லை. அந்த அறைக்குப் பிள்ளைகள் வந்துபோனார்கள். அங்கிருந்து புத்தகங்களும் கடிதங்களும் வெளியே போயின. அவர்களுடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. பறவைகளுக்கு நீர் வைக்கும் ஒரு கல்தொட்டியும், அதில் அம்மா என்ற சொல்லும் மட்டுமே உண்டு. படுக்கையில் இருப்பவர்களே, உங்களிடம் வருவதே மற்றவர்களுடைய பிரயாணம். நாங்கள் வராமல் இருப்பது எங்கள் குற்றம்.

ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை நாம் பொதுவாக வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கானானுக்குப் புறப்பட்டவன் முதலில் ஆபிரகாம் அல்ல. அவனுடைய தகப்பனாகிய தேராகு புறப்பட்டான். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு, கல்தேயருடைய ஊரைவிட்டு, கானானுக்கே போக எண்ணி நடந்தான். ஆரான் மட்டும் வந்தான், அங்கேயே தங்கினான், அங்கேயே மரித்தான். ஏன் நின்றான் என்று வேதம் சொல்லவில்லை. அவனுக்கு ஆரான் என்று ஒரு மகன் இருந்து, தகப்பன் கண்முன்னே இறந்துபோயிருந்தான். மகனின் பெயருக்கும் பட்டணத்தின் பெயருக்கும் எபிரெயத்தில் எழுத்து வேறு; நம் தமிழ் வேதாகமத்தில் ஒன்றே. அதனாலோ என்னவோ, தமிழில் அதை வாசிக்கும்போதெல்லாம், துக்கத்தின் பெயர் கொண்ட ஊரைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்துவிட்ட ஒரு கிழவனை நான் காண்கிறேன். வழிதப்பிப் போனவன் அல்ல அவன். பாதி வழியில் வசதியாகத் தங்கிவிட்டவன். எழுபத்தைந்து வயதில் ஆபிரகாம் தொடர்ந்து நடந்தது, தகப்பன் விட்டுவிட்ட பாதையின் மிச்சத்தைத்தான்.

நான் பத்தொன்பது வருஷம் ஆரானில் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் முதல் சேகரம் தெற்கே, செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிறிய கிராமம். அங்கே கோயில்பிள்ளையாக இருந்தவர் என்னைவிட முப்பது வயது மூத்தவர். மணியடிப்பது முதல் எனக்குக் கிணற்று நீர் இறைத்து வைப்பது வரை அவரே. ஓர் அறுப்பின் பண்டிகையில் ஏலத் தொகையில் 1,800 ரூபாய் குறைந்தது. கமிட்டியார் கூடியிருந்த இடத்தில் நான் அவரை நோக்கி, “சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?” என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குமேல் கேட்க வேண்டியதும் இல்லை. ஊர் மிச்சத்தைப் பேசிக்கொண்டது. மறு வாரம் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. கணக்கை ஒப்படைப்பதற்காகப் பழைய ஏடுகளைப் பார்த்தேன். ஏலத்தில் ஆட்டுக்குட்டி எடுத்த ஒருவர் பணமே கட்டவில்லை, கட்டியதாக எழுதப்பட்டிருந்தது. எழுத்து என்னுடையது. என் சம்பளத்திலிருந்து 1,800 ரூபாய் வைத்துக் கணக்கை நேராக்கினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த சேகரத்தில் மன்னிப்பைக் குறித்து நன்றாகப் பிரசங்கித்தேன் என்று பாராட்டினார்கள்.

சென்ற மாதம், ஆகமன காலத்தின் இரண்டாம் வாரத்தில், அவர் சாத்தூர் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பேருந்து ஏறினேன். இரண்டு பேருந்து, பிறகு ஒரு ஆட்டோ. வழியெல்லாம் பேச்சைத் தயார்செய்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னை அடையாளம் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் இடங்கொடுக்கவில்லை. நான் தயார்செய்ததில் ஒரு வரியும் வரவில்லை. “அண்ணாச்சி, அந்தப் பணத்த நீங்க எடுக்கல. எழுதுனது என் தப்பு. அப்பவே எனக்குத் தெரியும்” என்றேன்.

வெகுநேரம் அவர் பேசவில்லை. பின்பு, “அப்பவேன்னா எப்ப, ஐயா?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப எங்க வீட்டுல உசுரோட இருந்தா” என்றார். அவருடைய மனைவி அதற்கடுத்த வருஷம் மரித்திருக்கிறார்கள். கடைசிவரை கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்களாம், அவர்கள் குடத்தோடு வரும்போது.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. காப்பி வந்தது, குடித்தோம். புறப்படும்போது ஜெபிக்கட்டுமா என்று வழக்கம்போல் கேட்டேன். அவர் தலையசைத்து, “ஜெபம் கெடக்கட்டும் ஐயா. இத அங்க வந்து சொல்வீங்களா? கோயில்ல, ஆராதனைல, எல்லாரும் இருக்கைல?” என்றார்.

சாஸ்திரிகள் பெத்லகேமிலிருந்து வேறு வழியாய்த் திரும்பிப் போனதை இந்த வாரம் பிரசன்னத் திருநாளில் தியானிக்கிறோம். நான் அன்று அதே பேருந்தில், அதே வழியாகத்தான் திரும்பினேன். ஆனால் போகும்போது முடிந்துவிடும் என்று நினைத்திருந்த பிரயாணம் முடியவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வருஷம் தரங்கம்பாடிக்குப் போவோம். ஏப்ரலில், பள்ளித் தேர்வுகள் முடிந்தபின், சபையாக ஒரு பேருந்து ஏற்பாடு செய்ய எண்ணியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் ஆலயச் செயலரிடம் கொடுங்கள். ஆனால் அதற்குமுன், ஒவ்வொரு வீட்டாரும் ஓர் ஊரின் பெயரை எழுதி வேதாகமத்தில் வையுங்கள். நீங்கள் போகவேண்டியதென்று அறிந்தும் போகாமல் இருக்கிற ஊர். பாகப்பிரிவினைக்குப்பின் போகாத அண்ணன் வீடாக இருக்கலாம். சாதி பார்த்துக் கைவிட்ட மகளின் வாடகை வீடாக இருக்கலாம். அடுத்த தெருவாகவும் இருக்கலாம். அதற்கும் பிரயாணம் என்றே பெயர். என்னிடம் காட்ட வேண்டாம்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு நான் இங்கே இருக்கமாட்டேன். பக்கத்துச் சேகரத்துக் குருவானவர் ஆராதனை நடத்துவார். அந்தக் கிராமத்தின் இப்போதைய குருவானவரிடம் அனுமதி கேட்டேன். சற்றுத் தயங்கி, அறிவிப்புகளுக்குமுன் ஐந்து நிமிஷம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை சாத்தூர் போய், அண்ணாச்சியை வாடகைக் காரில் அழைத்துக்கொண்டு போகவேண்டும். அவருடைய மகளுக்கு இதில் சம்மதமில்லை. அப்பாவை மறுபடியும் அந்த ஊரார் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்று தொலைபேசியில் அழுதார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியை வெளுக்கக் கொடுத்துவிட்டாராம். எங்கள் மூவருக்காகவும் ஜெபியுங்கள்.