தோள்சீலையை மறந்தவர்கள்

பொது இடத்தில் ஆடையில்லாத உடல் தெரிந்தாலே சட்டப்படி குற்றம், நம் பண்பாட்டில் அதற்கு இடமே இருந்ததில்லை, பெண்களின் மானத்துக்காகத்தான் இந்தக் கண்டிப்பு. தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் இதைத்தான் கேட்கிறேன். மூன்றுமே தவறு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294, பிறருக்குத் தொல்லையாகப் பொது இடத்தில் செய்யும் ஆபாசச் செயலைத் தண்டிக்கிறது. 'நிர்வாணம்' என்ற சொல்லே அதில் கிடையாது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த கருநிறப் பெண்ணும் ஆடையின்றி நின்ற படத்தை வெளியிட்ட கொல்கத்தா பத்திரிகை மீதான வழக்கில், உடம்பு தெரிவதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பண்பாடு என்கிறீர்களா? கழுகுமலைக்குப் போய்ப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டை ஒட்டிச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் ஆடையின்றிப் பாறையெங்கும் வரிசையாக இருக்கிறார்கள். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். குயவரும் தச்சரும்கூட அவர்களில் உண்டு. நான் போன அன்று ஒரு பாட்டி அந்தப் பாறையடியில் உட்கார்ந்து பேரனுக்குப் புளிச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பையன் அண்ணாந்து சிலைகளை எண்ணிக்கொண்டே வாய் திறந்தான்.

எங்கள் குமரி மாவட்டக் கதையோ கசப்பானது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதுதான் குற்றமாக இருந்தது. மேல்சாதியார் முன் திறந்த மார்போடு நிற்பதற்குப் பெயர் மரியாதை. கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடலாம், மேல்சாதிப் பெண்கள் போடும் மேல்துணியான தோள்சீலை மட்டும் கூடாது என்றது 1829 அரசாணை. மீறியவர்களின் மேலாடையைச் சந்தையில் நாலு பேர் பார்க்கக் கிழித்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று மேலாடைக்கு அனுமதி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். யார் மறைக்கலாம், யார் திறந்து நிற்க வேண்டும் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. "நாம் என்றும் மூடியே வாழ்ந்தவர்கள்" என்று பேசுகிறவர்கள், எங்கள் பாட்டிமார் பட்ட அடியை வரலாற்றிலிருந்தே துடைக்கிறார்கள். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மானம்? ஆபாசச் செயல் என்றே தீர்ப்பானாலும் 296இல் அதிகபட்சம் 3 மாதச் சிறை. ஒரு பெண்ணின் ஆடையைப் பலவந்தமாகக் களைந்தால் 76ஆம் பிரிவில் 3 முதல் 7 ஆண்டு. மானம் எங்கே பறிபோகிறது என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மணிப்பூர்த் தாய்மார்களுக்கும் தெரிந்திருந்தது. அசாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துப்போன மனோரமா என்ற பெண் சடலமாகக் கிடைத்த சில நாளில், 2004 ஜூலை 15 அன்று, 12 பெண்கள் இம்பாலில் அந்தப் படை தங்கியிருந்த காங்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்று நியாயம் கேட்டார்கள். ஆகஸ்டில் இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. நவம்பரில் படை கோட்டையைக் காலி செய்தது.